ஏழாவது வரி

மழையில் ஆடிய ஆட்டத்தின் சேறு ஈரத்தோடு போகாது. சட்டையை முதலில் காயவிட வேண்டும், பிறகு உதிர்க்க வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். இது தெரியாத அவசரக்காரர்கள் அப்படியே மெஷினில் திணித்துவிட்டு, வெள்ளைச் சட்டை டீ நிறத்தில் வெளியே வந்ததும் சோப்பைத் திட்டுவார்கள். துணியறை அக்காவுக்கு இதில் பதினெட்டு வருஷப் பழக்கம். அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளே அத்தனை சட்டைகளையும் ஈரத்தோடு மெஷினில் போட்டு ஓடவிட்டாள். கதவைத் திறந்து பார்த்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மைதானத்தின் பெரிய பார்வையாளர் மேடைக்கு அடியில் ஜன்னலே இல்லாத நீள அறை அது. இரண்டு வாஷிங் மெஷின், ஒரு தையல் மெஷின், சட்டையின் முதுகில் எண் ஒட்டுகிற சூட்டு அழுத்தி, சுவர் நீளத்துக்கு ஆணிகள். ஆணிக்கு ஒரு ஆட்டக்காரர். முதல் ஆணி கோல்கீப்பருடையது. அவர்தான் அணியின் கேப்டன், அக்காவின் கணவர். பதினோராம் ஆணி இடது ஓரத்தில் பறக்கிற குருவியுடையது. குருவி அக்காவின் தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்கு வயது ஒன்பது. கேப்டன் பெண் கேட்டு வந்த அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள், "நான் ஒருத்தியா வரமாட்டேன், இவனும் கூட வருவான்." கேப்டன் சிரித்துக்கொண்டே, "அவன் நல்லா ஓடுவானா?" என்று கேட்டார். பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், கண்ணை மூடிக் கும்பிடச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் பதினொரு பேரும் கோட்டோரத்தில் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பார்கள். பிரார்த்தனை பதினொரு வரி. ஆளுக்கு ஒரு வரி. யார் வரியோ அது அவரே எழுதியது, இல்லையென்றால் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அணியை விட்டுப் போகிறவர், தன் இடத்துக்கு வருகிறவரின் காதில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன்கூட போன் போட்டு, "என் வரியை அவன் சொல்லட்டும்" என்று கொடுத்துவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொண்டான். கொடுக்காத வரியை யாரும் சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் கேப்டன். பதினோராவது வரி அவருடையது.

ஏழாவது வரி குருவியுடையது. பத்தொன்பது வயதில் அவன் ஆடிய முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் இவன்மேல் மோதி விழுந்தான். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். இவன் நின்று பார்க்காமல் பந்தோடு ஓடிப்போய் கோல் அடித்துவிட்டான். அன்றைக்கெல்லாம் அவனால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் எழுதிக்கொண்டு வந்த வரி இது: "என் மேல் மோதி விழுந்தவனை என் கையே தூக்கிவிடட்டும்."

போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் குருவியிடம் கல்யாணம் எப்போது என்று கேட்டார். சிரித்து மழுப்பியிருக்கலாம். அவன் மழுப்பவில்லை. "மூணு வருஷமா ஒருத்தரை விரும்பறேன். அவர் ஆண். ரெண்டு பேரும் கடவுள் நம்பிக்கை உள்ளவங்க" என்றான். முதல் பாதியைப் பெரிய எழுத்தில் போட்டார்கள், இரண்டாம் பாதி எங்கோ அடியில் கிடந்தது. அக்காவுக்கு விஷயம் முன்பே தெரியும். அந்த ஆள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் போட்டிருக்கிற கண்ணாடியே அவர் பார்த்துக் கொடுத்ததுதான். கேப்டனுக்குத் தெரியாது. பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியபோது கேப்டன் குருவியைப் பார்க்காமலே, "நீ வெளிய நில்லு" என்றார். அவன் நின்றான். ஆறு வரி ஓடியது. ஏழாவது இடத்தில் மௌனம். எட்டாவது ஆளான நெட்டை, நடுவில் நின்று தடுக்கிற ஆறேகால் அடி ஆள், வாயைத் திறக்கவே இல்லை. கேப்டன் அவசரமாகத் தன் வரியைச் சொல்லி முடித்தார். ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். பத்துப் பேர் வட்டமாக நிற்க ஒருவன் மட்டும் மழையில் தனியாக நிற்கிற படம்தான் மறுநாள் எல்லா இடத்திலும்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அக்கா மெஷினைப் போட்டாள். சேறு எங்கே ஞாபகம் இருக்கும்?

செவ்வாய்க்கிழமை கிளப் மேனேஜர் துணியறைக்கே வந்தாள். நல்லவள்தான், ஆனால் எதையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் அவளுக்கு. கையில் ஒரு அட்டைப்பெட்டி. பின்னாலேயே குருவியும் வந்தான்.

"அக்கா, இது வானவில் கைப்பட்டை, இவரை மாதிரி உள்ளவங்களுக்கு ஆதரவுன்னு காட்டறது. வர்ற ஞாயிறு கேப்டன் போட்டுக்கணும். அவர் கைக்கு எலாஸ்டிக் தளர்த்திக் கொடுங்க." பிறகு குருவியிடம் திரும்பினாள். "உங்களுக்கு இனிமே அந்த மாதிரி நடக்காது. மைதானத்துல பிரார்த்தனையே கூடாதுன்னு சுற்றறிக்கை போடப் போறேன். வட்டமே இல்லைன்னா வெளிய நிறுத்தறதுன்னு ஒண்ணு இல்லையே."

"வேணாம் மேடம்."

"என்னது?"

"வட்டத்தை எடுக்காதீங்க. என்னால எடுத்தாங்கன்னு ஆகும். அது மட்டுமில்ல, எனக்கே அது வேணும். நான் கும்பிடாம ஒரு ஆட்டம்கூட ஆடினதில்ல."

"உங்களைத்தானே வெளிய தள்ளினாங்க?"

"தள்ளினது மாமா. ஆண்டவன் இல்ல."

மேனேஜர் அக்காவைப் பார்த்தாள். அக்கா பட்டையை விரலில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்தப் பட்டை?"

"அதை நான் போட்டுக்கறேன். மாமா கையில கட்டாயமா மாட்டாதீங்க. மேடையில உட்கார்ந்து பார்க்கறவங்கள்ல என்னை மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க, யாருகிட்டயும் சொல்ல முடியாம. அவங்க கண்ணுல இது படணும். எனக்குன்னு நான் கேக்கறது என் இடம். ஆறாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவுல."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் சுற்றறிக்கைதான்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனாள். குருவி மிச்சச் சட்டைகளை எடுத்து உதறினான். கறை இருந்தது. "என்னக்கா, டீ ஊத்தினியா?" என்றான். அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வேகவைத்த முட்டை, ரொட்டி, பருப்புத் தண்ணீர். ஆட்டக்காரர் வீட்டுச் சாப்பாட்டில் எண்ணெய் இருக்காது, அதனால் சண்டைதான் தாளிதம் என்று அக்கா முன்பெல்லாம் கேலி செய்வாள். அன்றைக்குக் கேப்டன் முட்டையை உடைக்காமலே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை புது ஆள் வட்டத்துல நிப்பான். உன் வரியை அவன்கிட்டக் கொடுத்துடு."

புது ஆள் என்பது இரண்டு மாதம் முன்பு வேறு அணியிலிருந்து வந்தவன். மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்காருகிறவன், முப்பது வயது, இரண்டு குழந்தைகள்.

"நான் அணியை விட்டுப் போகலையே மாமா. கால் முறியலையே. எதுக்குக் கொடுக்கணும்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். ஆனா கொடுக்கமாட்டேன்."

"அது நான் வச்ச வட்டம்."

"வரி நான் எழுதினது."

கேப்டன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அக்கா பார்த்தாள். ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் தம்பி. இருவரையும் வைத்துப் பதினாறு வருஷம் ஓட்டிய வீடு. அந்த நேரத்தில்தான் அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"ஒரு தடவைதானேடா. கொடுத்துத் தொலையேன். கோவம் தணிஞ்சதும் நானே பேசி வாங்கித் தர்றேன்."

குருவி ரொட்டியைக் கீழே வைத்தான்.

"நீயுமாக்கா?"

"வீடு ரெண்டாயிடுமோன்னு பயமா இருக்குடா."

"கொடுத்தா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். நான் அங்க நிக்கத் தகுதி இல்லாதவன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி. அதை மட்டும் நீ கேக்காத. வேற எது வேணா கேளு."

அவன் கை கழுவினான், ஒரு பையில் பூட்ஸையும் நாலு துணியையும் எடுத்துக்கொண்டான். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வாசலில் மாமாவைத் தாண்டும்போது, "போய்ட்டு வர்றேன் மாமா" என்றான். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அவரைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் ஒன்பது வயதில் இவள் கையைப் பிடித்தவன், இன்றைக்கு இவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறான். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இனி இந்த விஷயத்தில் பயத்துக்கு இடமில்லை என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கேப்டன்தான் இறங்கிவந்தார். பயிற்சிக்குக் கிளம்பும்போது, கையுறையை மாட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல:

"நீ மைதானத்துச் சுரங்க வாசல்ல நின்னு வாராவாரம் கேக்கறவதானே. பதினொரு வரியும் உனக்கு மனப்பாடம். புது ஆளுக்கு ஏழாவதை நீ சொல்லிக் கொடுத்துடேன். குருவியோட அக்கா சொன்னா குருவி கொடுத்த மாதிரிதானே."

"மாட்டேன்."

"ஏய், நான் என்ன கொலையா பண்ணச் சொல்றேன்?"

"எனக்கு யாரும் கொடுக்கலைங்க. காதுல விழுந்தது, அவ்வளவுதான். கொடுக்காத வரியைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

"அவன் பிடிவாதம் பிடிச்சா நான் என்ன பண்றது?"

"அவனைச் சேர்த்துக்குங்க."

கேப்டன் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "உனக்குப் புரியாது. அது ஆண்டவன் முன்னாடி நிக்கிற இடம். தப்புன்னு சின்ன வயசுலேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒண்ணை, பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு என் வாயால எப்படிக் கும்பிடுவேன்? பொய்யாக் கும்பிடச் சொல்றியா?"

அவர் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தோற்ற நாளிலும் ஜெயித்த நாளிலும் ஒரே மாதிரி கும்பிடுகிற மனிதர். அதனால்தான் அவளுக்கு இவ்வளவு நாள் வாய் எழவில்லை. இப்போது எழுந்தது.

"மூணாவது வரிக்காரன் ஒருத்தன் இருந்தானே, நாலு வருஷம் முன்னாடி. பொண்டாட்டி கையை உடைச்சவன். அவளோட கட்டுப் போட்ட கைக்கு ரவிக்கையை வெட்டித் தச்சுக் கொடுத்தது நான். அவன் பக்கத்துல நின்னு கும்பிட்டீங்க. அன்னிக்கு உங்க வாய் கூசலையா?"

"அவன் அதைப் பேப்பர்ல பெருமையாச் சொல்லல."

"ஓஹோ. மறைச்சா நிக்கலாம். உண்மையைச் சொன்னாத்தான் நிக்கக் கூடாது. நல்லா இருக்குங்க உங்க வட்டம்."

அவர் கையுறையின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தார்.

"உங்களை நான் எதையும் நம்பச் சொல்லல. அவன் கும்பிடறதைத் தடுக்க நீங்க யாருன்னுதான் கேக்கறேன். புதன்கிழமை உங்களுக்குப் பயந்து அவன்கிட்டப் போய்க் கொடுத்துடுன்னு கேட்டேன். அந்த வெக்கமே எனக்கு ஆயுசுக்கும் போதும். இனிமே கேக்கமாட்டேன், அவனையும் சரி, உங்களையும் சரி. அவன் வெளிய நிக்கற வரைக்கும் இந்த வீட்டுல உங்ககூட உட்கார்ந்து நான் கும்பிடவும் மாட்டேன்."

பதினாறு வருஷத்தில் காலைக் கும்பிடு இல்லாமல் அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை. அன்றைக்கு அவர் தனியாகக் கும்பிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில். தரை காய்ந்து, புல் வெட்டிய வாசனை துணியறைவரை வந்தது. கறை போகாத சட்டைகளுக்குப் பதிலாகப் புதுச் சட்டைகளில் சனிக்கிழமை முழுக்க எண் ஒட்டியிருந்தாள். ஒவ்வொருவராக வந்து தங்கள் ஆணியிலிருந்து எடுத்துப்போனார்கள். கோச் எட்டிப்பார்த்து, "எவன் யாரைக் கட்டிக்கிட்டா எனக்கென்னம்மா, எவன் எங்க நின்னு கும்பிட்டா எனக்கென்ன, இன்னிக்கு ஒரு கோல் போட்டாப் போதும்" என்று பொதுவாகப் புலம்பிவிட்டுப் போனார். குருவி வந்தான். அவள் பட்டையை அவன் கையில் தானே மாட்டிவிட்டாள். எலாஸ்டிக்கைத் தளர்த்தியிருக்கவில்லை, அது முதலிலேயே அவனுக்குச் சரியாக இருந்தது.

"மன்னிச்சுக்கடா" என்றாள்.

"போக்கா. சாப்பிட்டியா?"

"இல்ல."

"கண்ணாடிக் கடையிலேர்ந்து அவர் உனக்குன்னு ரொட்டி கொடுத்தனுப்பினார். பையில இருக்கு, எடுத்துக்க."

கடைசியாக வந்தவன் புது ஆள். சட்டையை எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றான். மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, அதில் பேனாவால் பொடி எழுத்து. கேப்டனின் கையெழுத்து.

"அக்கா, கேப்டன் எழுதிக் கொடுத்துட்டார். பாத்துப் படின்னார். பேனா வேர்வையில அழிஞ்சிடும்போல இருக்கு. மேல ஏதாவது ஒட்டித் தர்றீங்களா?"

"யாரோட வரி அது?"

"குருவியோடது."

"குருவி உங்களுக்குக் கொடுத்தானா?"

அவன் பிளாஸ்திரியையே பார்த்தான். "வந்து ரெண்டு மாசம் ஆச்சு. எனக்குன்னு வரி இல்ல. வட்டத்துல நிக்கணும்னு எனக்கும் ஆசைதான்க்கா. கேப்டன் சொல்றப்போ எப்படி மாட்டேங்கறது? பெஞ்சுலயே உட்கார வச்சுட்டாங்கன்னா?"

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நான் எதுவும் ஒட்டித் தரமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா அது கொடுத்த வரி இல்ல, எடுத்த வரி. அது மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வருகிற சுரங்க வாசல்வரைதான் அவளுக்கு அனுமதி. அங்கே சுவரில் சாய்ந்து நின்றாள். மேடை நிரம்பியிருந்தது. வட்டம் கூடியது. புது ஆள் ஆறாவது ஆளுக்கும் நெட்டைக்கும் நடுவில் போய் நின்றான். குருவி மூன்றடி தள்ளி வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறவர்கள் மண்டி போட்டுத் தயாராக இருந்தார்கள்.

முதல் வரி. இரண்டாவது. அக்காவின் உதடு தானாக அசைந்தது. ஆறாவது முடிந்தது.

புது ஆள் மணிக்கட்டைத் திருப்பினான். வாயைத் திறந்தான். பிறகு கையை இறக்கினான்.

"கேப்டன், இதை எனக்கு யாரும் கொடுக்கல" என்றான்.

"படி" என்றார் கேப்டன்.

"கொடுக்காததை எப்படி கேப்டன் சொல்றது? நீங்க வச்ச சட்டம்தானே."

ஒருவரும் அசையவில்லை. அப்போது வெளியிலிருந்து குருவி சொன்னான். கத்தவில்லை. எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னான்.

"என் மேல் மோதி விழுந்தவனை என் கையே தூக்கிவிடட்டும்."

அடுத்தது நெட்டை. அவன் கேப்டனைப் பார்த்தான், ஒரு கணம்தான். பிறகு தன் எட்டாவது வரியைச் சொன்னான். ஒன்பதாவது ஆள் சொன்னான். பத்தாவது ஆள் சொன்னான். கேப்டனிடம் வந்து நின்றது.

அவர் வரி சின்னது. "எங்கள் எல்லாரையும் முழுசாக வீடு சேர்த்துவிடு." அதைச் சொன்னால், வெளியே நின்று சொன்ன வரியும் பிரார்த்தனையில் சேர்ந்துவிடும். சொல்லாவிட்டால் முடிக்காத பிரார்த்தனையோடு அணி உள்ளே போக வேண்டும். நடுவர் ஒரு முறை விசில் ஊதினார். தோளில் கிடந்த கையை ஒருவரும் எடுக்கவில்லை. கேப்டனின் தாடை இறுகியிருப்பது சுரங்க வாசலிலிருந்தே அக்காவுக்குத் தெரிந்தது. வீட்டில் தனியாகக் கும்பிட்ட அந்த மூன்று காலைப்பொழுதுகளும் அவர் முகத்தில் இருந்தன. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. பாவம் பார்த்தால் மறுபடியும் புதன்கிழமைதான்.

நடுவர் இரண்டாவது முறை ஊதினார்.

"அங்க நின்னு சொன்னா எவனுக்குக் கேக்கும்?" என்றார் கேப்டன், யாரையும் பார்க்காமல். "உள்ள வந்து சொல்லு. முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

புது ஆள் கையை எடுத்துக்கொண்டு விலகப் போனான். நெட்டை அவன் தோளை விடவில்லை. குருவி நடந்து வந்தான். பன்னிரண்டு பேருக்கு அந்த வட்டம் பழகியதில்லை. ஆளுக்கொரு பக்கம் முட்டிக்கொண்டார்கள். இடம் கிடைத்தது மாமாவுக்குப் பக்கத்தில்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காத" என்றார் கேப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒத்துக்க வேணாம் மாமா. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க" என்றான் குருவி.

அவர் நகர்ந்தார். அரையடிதான் இருக்கும். ஓர் ஆள் நிற்க அது போதும்.